தட்டுல முளைச்சது எங்க இருந்து வந்துச்சு?

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே செஞ்சுக்கிற பூசண டெஸ்ட் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா நான் பல வருஷம் லேப்ல குப்பை கொட்டின ஆளு, அங்க எங்களுக்கு பூசணம்னாலே எதிரி, பாக்டீரியா வளர்க்க வச்ச தட்டுக்குள்ள எப்படியாவது நுழைஞ்சு பஞ்சு மாதிரி உக்காந்துக்கும். இப்ப அதே தட்டை ஒரு அழகான டப்பாவுல போட்டு டெஸ்ட் கிட்னு விக்கிறாங்க.

கிட்ல என்ன இருக்கும்னா ஜெல்லி மாதிரி ஒண்ணு ஊத்தின ஒரு பிளாஸ்டிக் தட்டு. மூடியை தொறந்து ரூம்ல ஒரு மணி நேரம் வைக்கணும், அப்புறம் மூடி, டேப் ஒட்டி, இருட்டுல அஞ்சு நாள் விட்டுட்டு எடுத்துப் பாக்கணும். பாத்தா பச்சையும் கருப்புமா வட்டம் வட்டமா முளைச்சிருக்கும், அவ்ளோதான், வீடே விஷம்னு நெனச்சு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போயிடும்.

பூசணம் பரவுறதுக்கு விடுற கண்ணுக்குத் தெரியாத துகளைத்தான் வித்துன்னு சொல்றோம், அந்த வித்து இல்லாத காத்துன்னு ஒண்ணு வீட்டுக்குள்ளயும் கிடையாது வெளியிலயும் கிடையாது. நான் ஒரு தடவை வேணும்னே நாலு தட்டு வச்சு பாத்தேன். ஒண்ணு ஓதம் பிடிச்சு பெயின்ட் உரிஞ்சு நிக்கிற எங்க பாத்ரூம்ல, ஒண்ணு பெட்ரூம்ல, ஒண்ணு வாசலுக்கு வெளிய, நாலாவது தட்டோட மூடியை தொறக்கவே இல்ல, அது சும்மா ஒப்பிட்டுப் பாக்க. வாசல் தட்டுல 19 வட்டம், பாத்ரூம்ல 4. இந்தக் கணக்கை நம்பினா நான் பாத்ரூமை விட்டுட்டு தெருவைத்தான் தேய்ச்சு கழுவணும்! 1928ல அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் லீவு முடிஞ்சு லேபுக்கு வந்தப்போ அவரோட தட்டு ஒண்ணுல பூசணம் விழுந்திருந்துச்சு, அதுல இருந்துதான் பெனிசிலின் வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். லேப்லயே அந்த கதின்னா ஹால்ல தொறந்து வச்ச தட்டுல முளைக்காம இருந்தாத்தான் அதிசயம்.

சரி, எண்ணிக்கையாவது எதையாவது சொல்லுமான்னா அதுவும் இல்ல. தட்டு காத்தை இழுக்காது, மேல எது வந்து விழுதோ அதைத்தான் பிடிக்கும். ஆல்டர்னேரியா மாதிரி பூசண வகையோட வித்தெல்லாம் 20 மைக்ரானுக்கு மேல (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), கனம், சீக்கிரம் விழுந்துடும். ஈரமான வீட்டுல அதிகமா வர்ற ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வித்து 2ல இருந்து 5 மைக்ரான்தான், அசையாத காத்துல ஒரு மீட்டர் கீழ எறங்கவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், நம்ம வீட்டு ஃபேன் ஓடுற காத்துல அது பாட்டுக்கு மிதந்துக்கிட்டே இருக்கும். லேப்காரங்க பம்ப் வச்சு நிமிஷத்துக்கு 15 லிட்டர்னு அளந்து இழுப்பாங்க, கூடவே வெளிக்காத்தையும் ஒரு சாம்பிள் எடுத்து ஒப்பிடுவாங்க, அப்படி எடுத்தாலும் காலையில ஒரு நம்பர் வரும், யாராவது பெட்ஷீட்டை உதறினா இன்னொரு நம்பர் வரும்.

இதுல இன்னொரு பக்கம் இருக்கு, என்னைக் கேட்டா அதுதான் நிஜமான ஆபத்து. தட்டுல ஒண்ணும் முளைக்கலன்னா நிம்மதி ஆயிடுறாங்க. எல்லாரும் பயப்படுற அந்த கருப்பு பூசணம், ஸ்டாக்கிபாட்ரிஸ், அது ஊறிப்போன அட்டை, ஜிப்சம் போர்டு மேல ஒட்டின பேப்பர் இதுலதான் வளரும், வித்து பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சாத்தான் காத்துல கிளம்பும். தப்பித்தவறி தட்டுக்கு வந்தாலும் மெதுவாத்தான் வளரும், அதுக்குள்ள பெனிசிலியம் இடம் பிடிச்சிடும். செத்த வித்து முளைக்கவே முளைக்காது, ஆனா அலர்ஜி உள்ளவங்களுக்கு அதுவும் தும்மலை கிளப்பும். சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிறது தட்டுக்கு எப்படிங்க தெரியும்?

அப்புறம் இந்த ரிப்போர்ட்ல எழுதுறாங்களே, இத்தனை வட்டம்னா ஆபத்து, இத்தனைன்னா பரவால்லன்னு, அந்த கோட்டை யார் போட்டது? உலக சுகாதார நிறுவனம் 2009ல வீட்டு ஈரம், பூசணம் பத்தி ஒரு பெரிய வழிகாட்டியே போட்டுச்சு, அதுல கூட இவ்வளவு வித்து வரைக்கும் ஓகேன்னு நம்பர் கிடையாது. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பும் அப்படி வரம்பு எதுவும் வைக்கல, கண்ணுக்கே பூசணம் தெரிஞ்சா பெரும்பாலும் டெஸ்டே தேவையில்லன்னு சொல்லுது. தூசியில டிஎன்ஏ பாத்து 36 வகைக்கு மார்க் போடுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அது ஆராய்ச்சிக்குன்னு பண்ணது, வீட்டுக்கு வீடு பாஸ் ஃபெயில் போட இல்ல. டேப் ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கிறது மட்டும் ஓரளவு தேவலாம், அந்தக் கறை பூசணமா இல்லையான்னு சொல்லிடும், வீடு முழுக்க எப்படின்னு சொல்லாது.

அப்போ வீட்டுல பண்ற எதுவுமே உருப்படாதான்னு கேட்டா, அப்படி இல்ல. சுவர்ல வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, கரைஞ்சு காணாம போச்சுன்னா அது சுவர்ல உப்பு பூத்தது, பூசணம் கரையாது. ஓதம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியணுமா, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை சுவர்ல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க, ஷீட்டோட வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்துல ஈரம் ஜாஸ்தி, உள்பக்கம் வேர்த்திருந்தா சுவருக்குள்ள இருந்து வருது, குழாயோ கூரையோ தரையோ தேடணும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் இருக்கே, விலை கம்மிதான், ஆனா அதோட நம்பரை அப்படியே நம்பக்கூடாது. ஒரு பாட்டில் மூடியில சாதா உப்பு போட்டு, கரையாம சேறு மாதிரி நிக்கிற அளவுக்கு ரெண்டு சொட்டு தண்ணி விட்டு, மீட்டரோட சேர்த்து காத்து போகாத கவருக்குள்ள ராத்திரி முழுக்க வச்சிடுங்க. அந்தக் கவருக்குள்ள ஈரப்பதம் 75 சதவீதத்துலதான் நிக்கும், அது உப்போட குணம். உங்க மீட்டர் 69 காட்டினா அது 6 கம்மியா காட்டுதுன்னு அர்த்தம், அதைக் கூட்டிக்கிட்டு ரூம்ல வச்சு பாருங்க. நாள் கணக்கா 60க்கு மேலயே நின்னா பூசணத்துக்கு கொண்டாட்டம், அதுக்கு தட்டு வச்சு எண்ண வேண்டியதே இல்ல.

கடைசியா ஒரு டார்ச். வெளிச்சுவரை ஒட்டி நிக்கிற பீரோவை கொஞ்சம் நகர்த்திட்டு டார்ச்சை சுவர்ல நேரா அடிக்காம, சுவரோட சுவரா படுக்க வச்சு அடிச்சு பாருங்க, சும்மா பாத்தா தெரியாத உப்பலும் ரோமம் மாதிரி நிக்கிற பூசணமும் நிழல் விழுந்து பளிச்சுன்னு தெரியும். ஆஸ்துமா இருக்கிறவங்க தயவு செஞ்சு மூக்கை அதுக்கிட்ட கொண்டு போகாதீங்க, வேற யாரையாவது பாக்க சொல்லுங்க.