கணவரின் கோல்ஃப் மட்டையில் ஆடலாமா? கோத்தகிரி அம்மாவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்கு இந்த வாரம் மூன்று கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும்தான் பதில் சொல்லப் போகிறேன். மற்ற இருவரும் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வி செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றிலிருந்து, மட்டைகளைச் சரிசெய்யும் என் பட்டறையில் எந்த மட்டையைக் கையில் எடுத்தாலும் இதே நினைப்புதான்.

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். படிக்கிறேன். "ஐயா, எனக்கு 58 வயது. உயரம் ஐந்தடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வெலிங்டனில் கோல்ஃப் ஆட ஆரம்பித்தேன். என் கணவரின் பழைய மட்டைகளைத்தான் வைத்திருக்கிறேன். அவர் ஐந்தடி பத்து அங்குலம். எனக்குப் பந்து எப்போதும் இடது பக்கமே போகிறது. புது செட் வாங்கலாம் என்றால், பெட்டியோடு வருவதை வாங்கு என்கிறார் ஒருவர், அளவெடுத்துச் செய்துகொள் என்கிறார் இன்னொருவர். 18 குழியை முடிக்க 120 தடவை அடிக்கிற எனக்கு அளவெடுத்த மட்டையெல்லாம் எதற்கு? நன்றாக ஆட வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?"

அந்தக் கடைசி வரிதான் என்னை விடவில்லை. நன்றாக ஆட வந்த பிறகு. இதை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் தெரியுமா? கர்னல்கள் சொல்வார்கள், எஸ்டேட் மேனேஜர்கள் சொல்வார்கள், நேற்று சேர்ந்த பையனும் சொல்வான்.

ஒரு சின்ன விஷயம். கிளப் என்று நான் சொன்னால் மன்றத்தைச் சொல்கிறேனா, கையில் இருப்பதைச் சொல்கிறேனா என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வருகிறது. அதனால் மட்டை என்றே சொல்கிறேன்.

இந்தக் கேள்வி கோத்தகிரியிலிருந்து வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். அந்த ஊர்ப் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். இந்த மலையில் இரும்பு வேலை பரம்பரையாக அவர்கள் கையில் இருந்தது. என் அம்மா கேத்தி பக்கம் கேரட் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மண்வெட்டிக் கதையைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் முன்பே கேட்டிருப்பீர்கள். பரவாயில்லை, இந்த அம்மாவுக்காக மறுபடி சொல்கிறேன். மண்வெட்டி செய்யக் கொல்லரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, "யாருக்கு?" என்பதுதான். அம்மா போய் நின்று, குனிந்து காட்டுவார். காம்பு எவ்வளவு நீளம் வேண்டும், தகடு எவ்வளவு உள்பக்கம் மடங்க வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்வார். தகடு நிமிர்ந்திருந்தால் மண்ணில் இறங்காமல் வழுக்கும். ரொம்ப மடங்கியிருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் முதுகை இன்னும் வளைக்க வேண்டியிருக்கும். நன்றாக வெட்ட வந்த பிறகு அளவு பார்க்கலாம் என்று அந்தக் கொல்லர் யாரிடமும் சொன்னதில்லை. அளவு சரியில்லாத மண்வெட்டியில் நன்றாக வெட்ட வரவே வராது என்று அவருக்குத் தெரியும்.

சரி, மட்டைக்கு வருவோம். கடையில் பெட்டியோடு வரும் ஆண்கள் செட், ஏறக்குறைய ஐந்தடி ஒன்பது, பத்து அங்குல உயரமுள்ள ஒருவரை மனதில் வைத்துச் செய்தது. அதில் 7 அயர்ன், அதாவது 7 என்று எண் போட்ட இரும்புத் தலை மட்டை, 37 அங்குல நீளம் இருக்கும். தண்டு தரையோடு சேரும் கோணம் 62, 63 டிகிரி. இதைத்தான் லை என்கிறோம். உங்கள் கணவருக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். உங்களுக்கு?

நீங்கள் அந்த மட்டையைப் பிடித்து நிற்கும்போது உங்கள் கை அவர் கையைவிடத் தாழ்ந்திருக்கும். கை தாழ்ந்தால் மட்டைத் தலையின் வெளி நுனி தரையை விட்டு எழும்பும். அடிப்பாகத்தில் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹீல் மட்டும் புல்லில் உரசும். மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், பின்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பலகையை ஒரு ஓரத்தில் தூக்கிப் பாருங்கள், அது பார்க்கிற திசையும் திரும்பிவிடும். வலது கை ஆட்டக்காரருக்கு அது இடது பக்கம் திரும்பும். கிட்டத் தூரத்துக்கு அடிக்கும், சாய்வு அதிகமாக உள்ள வெட்ஜில் இந்தத் திருப்பம் அதிகம், நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரில் குறைவு. அம்மா, நீங்கள் குறி பிசகாமல் அடித்தாலும் பந்து இடது பக்கம்தான் போகும். உங்கள் தப்பு அதில் எதுவும் இல்லை.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒயிட்போர்டில் எழுதுகிற மார்க்கரை எடுத்துப் பந்தின் மேல் நேராக ஒரு தடித்த கோடு போடுங்கள். கோடு மட்டையின் முகத்தைப் பார்க்கும்படி, செங்குத்தாக நிற்க வையுங்கள். 7 அயர்னில் அடியுங்கள். பிறகு முகத்தைப் பாருங்கள், மை ஒட்டியிருக்கும். கோடு நேராக நின்றால் லை சரி. கோட்டின் தலை நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை உங்களுக்கு ரொம்ப நிமிர்ந்திருக்கிறது. தண்டுப் பக்கம் சாய்ந்தால் ரொம்பப் படுத்திருக்கிறது. பத்து ரூபாய் மார்க்கர் போதும். நான் முப்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். பட்டறையில் எத்தனை கருவி வந்தாலும் முதல் சோதனை இதுதான்.

ஆனால் ஒன்று, சமதரையில் அடியுங்கள். இது நம் மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை. சென்னையில் ஆடுகிறவர் வளைந்து போன பந்தைப் பார்த்தால் மட்டையையோ கையையோ சந்தேகப்படுவார். நாம் சரிவைக் குற்றம் சொல்லிவிடுவோம். பந்து நம் காலைவிட மேலே கிடந்தால் அது இடது பக்கம் போகும், உண்மைதான். ஊட்டியிலோ வெலிங்டனிலோ பாதி நேரம் பந்து காலுக்கு மேலேயோ கீழேயோதான் கிடக்கும். அதனால் மட்டையின் குறை சரிவுக்குள் ஒளிந்துகொள்கிறது. பத்து வருடம் ஆடினாலும் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட்காரர் இப்படித்தான் இருபது வருடம் ஆடினார். குட்டையானவர், கைகள் மட்டும் நீளம். எல்லாக் குழியிலும், குழியில் நட்டிருக்கும் கொடிக்கு வலது பக்கம் பார்த்தே நிற்பார். வலது பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் இருந்தாலும் அதைப் பார்த்துதான் நிற்பார். பந்து இடது பக்கம் வளைந்து வந்து சேர்ந்துவிடும். மூன்று பேர் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றினார், ஒருவர் காலை மாற்றினார், ஒருவர் தலையை அசைக்காதே என்றார். என்னிடம் வந்தபோது அவர் அயர்ன்களைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்தில் ஹீல் பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. நுனிப் பக்கம் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே புதிதாக இருந்தது. மார்க்கர் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், நன்றாகச் சாய்ந்திருந்தது. அவருடையது ஃபோர்ஜ்டு, அதாவது அடித்துச் செய்த இரும்பு, வளையும். மூன்று டிகிரி படுக்க வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் எல்லாப் பந்தையும் வலது பக்கம் புதருக்குள் அடித்தார். கோபத்தோடு வந்தார். நியாயமான கோபம்தான். இருபது வருடமாக அவர் உடம்பு அந்த மட்டைக்குத் தகுந்தபடி திரும்பக் கற்றுக்கொண்டிருந்தது. மட்டையின் கோணல் போனதும் உடம்பில் ஏறிய கோணல் மட்டும் நின்றுவிட்டது. அது போக இரண்டு மாதம் பிடித்தது. இப்போது கொடியைப் பார்த்து நிற்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன் அம்மா. நன்றாக ஆட வந்த பிறகு என்றால், அதற்குள் உடம்பு கோணலைக் கற்றுக்கொண்டுவிடும். நீங்கள் ஆரம்பித்து எத்தனை நாள் என்று எழுதவில்லை. ஆனால் உங்களுக்கு மறக்க வேண்டியது இன்னும் அதிகம் சேர்ந்திருக்காது.

எல்லா அளவும் இப்போதே வேண்டுமா? வேண்டாம். இதில் நான் கடைக்காரர்களோடு ஒத்துப்போக மாட்டேன். தண்டு எவ்வளவு வளைய வேண்டும், எந்த இடத்தில் வளைய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வீச்சைப் பொறுத்தது. உங்கள் வீச்சு ஆறு மாதத்தில் மாறும். அதற்கு இப்போது பெரிய செலவு செய்யாதீர்கள். எஃகுத் தண்டு வேண்டாம், அதில் 120 கிராம் வரை கூட இருக்கும். 50, 60 கிராமில் கிராஃபைட் கிடைக்கிறது, அது போதும். ஆனால் நீளம், லை, கிரிப் என்கிற கைப்பிடி உறையின் பருமன் மூன்றும் உங்கள் எலும்பைப் பொறுத்தவை. எலும்பு ஆறு மாதத்தில் மாறாது.

உயரத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஆடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இதில் இரண்டு அங்குலம் வித்தியாசம் வருவதை நானே அளந்திருக்கிறேன். கிரிப் பற்றிய வீடியோவில் சொன்னதும் நினைவிருக்கட்டும். இடது கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கை மேட்டை லேசாகத் தொட வேண்டும். உங்கள் கணவரின் கிரிப்பில் அவை எட்டியே இருக்காது.

இது புதிய ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஹிக்கரி மரத்தில் தண்டு செய்த காலத்தில் ஒவ்வொரு மட்டையையும் ஒருவர் கையால்தான் செய்தார். ஒரு மரம் போல இன்னொரு மரம் இருக்காது. ஆட்டக்காரர் கடையில் நின்று ஆட்டிப் பார்த்து எடுப்பார். 1920களில் எஃகுத் தண்டுக்கு அனுமதி வந்தது. ஸ்காட்லாந்தில் விதிகளை வகுத்தவர்கள் 1929இல் ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செட் செய்ய முடிந்தது. அப்புறம் நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற இன்ஜினியர், பிங் கம்பெனியைத் தொடங்கியவர், 1970களில் மட்டைகளில் நிறப்புள்ளி வைத்தார். கறுப்புப் புள்ளி என்றால் நடுத்தர லை, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. உயரத்தையும் மணிக்கட்டு அளவையும் சொன்னால் எந்தப் புள்ளி என்று தெரிந்துவிடும்.

உங்கள் பையில் எத்தனை மட்டை இருக்கிறது? 14 இருக்கும் என்று நினைக்கிறேன். 14 என்பது விதி அனுமதிக்கும் அதிகபட்சம், கட்டாயம் இல்லை. மெதுவாக வீசுகிறவருக்கு 4, 5, 6 அயர்ன் மூன்றும் ஒரே தூரம்தான் போகும். அதோடு இப்போது வரும் 7 அயர்ன்கள் பலவற்றில் சாய்வு 30 டிகிரிக்கும் குறைவு. பழைய காலத்தில் அது 5 அயர்னின் சாய்வு. உங்கள் வேகத்துக்கு அது பந்தை மேலே தூக்காது. எட்டு, ஒன்பது மட்டை போதும். அளவெடுத்து எட்டு வாங்கினால், அளவில்லாமல் 14 வாங்குவதைவிடப் பணமும் மிச்சமாகலாம்.

நம் மலையில் இன்னொன்றும் உண்டு. ஊட்டி 7,300 அடிக்கு மேலே. காற்று மெலிந்தது, பந்து கடலோரத்தைவிட ஏறக்குறைய எட்டு சதவீதம் தள்ளிப் போகும். 150 கஜத்துக்குப் பன்னிரண்டு கஜம், அதாவது ஒரு மட்டை வித்தியாசம். சென்னையில் அளவெடுத்து வந்தால் தூரக் கணக்கை இங்கே மறுபடி போட வேண்டும். நீளத்தையும் லையையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. மலை ஏறினாலும் மணிக்கட்டு அதே இடத்தில்தான் இருக்கும்.

இப்போது யாரும் என்னிடம் கேட்காத ஒரு விஷயம். குழந்தைகளுக்கு எந்த மட்டை? எல்லோரும் தங்களுக்கு லட்சத்தில் செலவு செய்வார்கள். பிள்ளைக்கு அப்பாவின் பழைய 7 அயர்னில் ஆறு அங்குலம் வெட்டிக் கொடுப்பார்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கையில் உணரும் மட்டைத் தலையின் பாரம், மூன்று புள்ளி குறையும். ஆறு அங்குலத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீசும்போது மட்டையின் தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. தண்டு கம்பி போல விறைத்துவிடும், கிரிப் பிஞ்சுக் கைக்குள் அடங்காது. என் அப்பா கேடி, ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிப் போகிறவர். நானும் அப்படி வெட்டிய ஒரு மட்டையில்தான் கற்றுக்கொண்டேன். யாரோ தூக்கிப் போட்டது. அதில் அடிக்க நான் இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு தோளையும் தூக்கித் தூக்கி வீச வேண்டியிருந்தது. அந்தத் தோள் தூக்கல் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஐம்பது வயது தாண்டியும் கேமராவில் பார்க்கிறேன்.

அதனால் இப்போது கேடிகளின் பிள்ளைகள் வந்தால், என்னிடம் இருக்கும் பெண்களுக்கான இலேசான பழைய மட்டைகளிலிருந்து கிராஃபைட் தண்டை எடுத்து, சின்னத் தலை பொருத்தி, மெல்லிய கிரிப் போட்டுக் கொடுக்கிறேன். ஒன்று போதும் அவர்களுக்கு. போன மாதம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அப்படி ஒன்றைப் பிடித்து அடித்தாள். முதல் பந்தே மேலே எழும்பிப் போனது. திரும்பி என்னைப் பார்த்தாள், பந்தைப் பார்க்கவில்லை.

சரி, கோத்தகிரி அம்மா. இப்போது எதுவும் வாங்க வேண்டாம். அந்த 7 அயர்ன் ஒன்றை மட்டும் எடுத்து வாருங்கள். முதலில் ஒன்றரை அங்குலம் வெட்டுவேன். நீளம் குறைந்தாலே நுனி கொஞ்சம் இறங்கும். பிறகுதான் கோணத்தில் கை வைக்க வேண்டும், முறை மாறக் கூடாது. அது வார்ப்பு இரும்பாக இருந்தால் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வளைக்க மாட்டேன், முறிந்துவிடும். கணவரிடம் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதற்கு முன்னால் வீட்டு முற்றத்தில் பழைய மேட் ஒன்றை விரித்து, கோடு போட்ட பந்தை ஐந்து தடவை அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு முகத்தைத் துடைக்கும் முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஐந்தையும் அடுத்த வாரம் இதே இடத்தில் எல்லோருக்கும் காட்டிப் பேசுகிறேன்.