டென்ஷனர் துடிக்கிறதா? ஆல்டர்நேட்டர் புல்லியை வீட்டிலேயே மாற்றலாம்

[காட்சி: திறந்த பானெட். டீசல் இன்ஜின் ஐடிலில் ஓடுகிறது. டென்ஷனர் கை படபடவென்று துடிக்கிறது.]

இந்த டென்ஷனர் கையைக் கவனியுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது இதுதான், ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. என் காரிலும் இப்படித்தான் இருந்தது. பெல்ட்டை மாற்றினேன், அப்புறம் டென்ஷனரையும் மாற்றினேன். துடிப்பு போகவே இல்லை. பழுது இருந்தது ஆல்டர்நேட்டர் முனையில் உள்ள புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தில். ஆல்டர்நேட்டர் என்பது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது. நம் மெக்கானிக்குகள் டைனமோ என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

[காட்சி: சைக்கிள். பெடல் நிற்கிறது, பின்சக்கரம் சுற்றுகிறது.]

மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும். பல டீசல் கார்களின் ஆல்டர்நேட்டர் புல்லிக்குள்ளும் இப்படி ஒரு ஃப்ரீவீல் இருக்கிறது. எதற்கு என்றால், நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பெல்ட்டை ஓட்டும் இன்ஜினின் முக்கியத் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை டீசல் எரிகிறது. ஒவ்வொரு முறையும் கிராங்க் ஓர் உதை வாங்கி வேகமெடுக்கும், அடுத்த உதைக்குள் சற்றுத் தளரும். ஆல்டர்நேட்டருக்குள் சுற்றும் ரோட்டரோ கனமானது. கிராங்கைவிட இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. அதனால் சட்டென்று தளர முடியாது. அந்தக் கணத்தில் ரோட்டரைத் தன்போக்கில் ஓட விடுவதுதான் ஃப்ரீவீலின் வேலை. அது இறுகிவிட்டால் ரோட்டர் பெல்ட்டைப் பிடித்து இழுக்கும். அடி முழுவதும் டென்ஷனருக்கு. மாறாக, இரண்டு பக்கமும் வழுக்கினால் சார்ஜ் ஏறாது, பேட்டரி விளக்கு எரியும்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் ஆறட்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆல்டர்நேட்டரின் பின்னால் வரும் தடித்த ஒயர் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வருகிறது. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறிதான்.

பெல்ட் போகும் வழியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனரை ஸ்பேனரால் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள்.

[காட்சி: விரல்கள் புல்லியை இரு பக்கமும் சுற்றுகின்றன.]

இப்போது புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓடும் திசையில் சுற்றினால் ரோட்டரும் கூடவே வரவேண்டும். எதிர்த்திசையில் புல்லி மட்டும் தனியாகச் சுற்றவேண்டும். இரண்டு திசையிலும் ரோட்டர் வந்தால் இறுகிவிட்டது, எதிலும் வராவிட்டால் வழுக்குகிறது. ஆல்டர்நேட்டரையே மாற்றச் சொல்லி யாராவது விலை சொன்னால், இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

[காட்சி: 33 பல் சாக்கெட், நடுவே நுழையும் பிட்.]

புல்லியைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். பெரும்பாலான ஃப்ரீவீல் புல்லிகளுக்கு 33 பல் சாக்கெட் பொருந்தும். நடுவில் நுழையும் பிட் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். சாக்கெட் புல்லியைத் திருகும். முன்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, பிட்டை அசையாமல் பிடித்து, சாக்கெட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். சில மாடல்களில் இடது மரை உண்டு, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்; உங்கள் கார் எது என்று முன்பே பார்த்துவிடுங்கள். வசதியாக இல்லையென்றால் ஆல்டர்நேட்டரையே வெளியே எடுத்துச் செய்யலாம். புல்லியின் பள்ளங்களை வைஸில் வைத்து நெரிக்க வேண்டாம், ஆல்டர்நேட்டரின் போல்ட் மாட்டும் காதுகளைப் பிடியுங்கள்.

புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பள்ளங்களின் எண்ணிக்கை, விட்டம், ஆழம், மரை எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். விலை குறைவு என்று ஃப்ரீவீல் இல்லாத கெட்டிப் புல்லியைக் கொடுப்பவர்களும் உண்டு. அது பொருந்தும், ஓடும், ஆனால் மெல்ல மெல்லப் பெல்ட்டையும் டென்ஷனரையும் தின்றுவிடும். வாங்காதீர்கள்.

முதலில் கையால் மரையேற்றுங்கள். பிறகு டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர். பல கார்களில் 80 நியூட்டன் மீட்டர் அளவு வரும். உங்கள் காரின் மேனுவலில் உள்ளதே கணக்கு. புதிய மூடியைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீரும் தூசியும் நேராக உள்ளே போகும், புதுப் புல்லியும் சீக்கிரம் போய்விடும்.

படத்தைப் பார்த்துப் பெல்ட்டை மாட்டி, எல்லாப் பள்ளங்களிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி முனைகளில் வைத்த வோல்ட் மீட்டரில் 14 வோல்ட் பக்கம் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது.

[காட்சி: அசையாமல் நிற்கும் டென்ஷனர் கை.]

இதற்குப் பிறகும் கை துடித்தால், கிராங்க் புல்லிக்குள் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள்.