ஸ்விட்ச் பெட்டி இருக்குற சுவர்: காலேஜ் கேலரியில ஒரு வருஷம்

வணக்கம் மக்களே. மைக் கேக்குதா? கேக்குது, சரி. இன்னிக்கு வீடியோ கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா இதுல ஒரு வருஷம் இருக்கு. ஒரு காலேஜுக்குள்ள இருக்குற கேலரிக்கு இந்தக் கல்வியாண்டு முழுக்கப் போய்ட்டு வந்தேன். மொத்தம் அஞ்சு கண்காட்சி, அஞ்சும் சமகாலக் கலை. காலேஜ் பேரைச் சொல்லப்போறதில்ல. பாராட்டும் இருக்கு, புலம்பலும் இருக்கு, அதனால அப்படியே விட்டுடுவோம்.

முதல்ல இந்த சுவரைப் பாருங்க, திரையில போடுறேன். கதவைத் தாண்டினதும் நேர் எதிர்ல இருக்குறது இதுதான், அந்த ஹால்லயே பெரிய சுவர். அதுல வலது பக்கம், நெஞ்சு உயரத்துல, சாம்பல் கலர்ல ஒரு இரும்புப் பெட்டி தெரியுதா? ஸ்விட்ச் பெட்டி. ரெண்டு ஜாண் உயரம், கீழ் மூலையில துரு. கேலரி ஆகுறதுக்கு முன்னாடி இது வகுப்பறை. அந்தக் காலத்துல வச்ச பெட்டி. கழட்டவும் முடியாது, மேல எதையும் மாட்டவும் கூடாது, அவசரம்னா உடனே திறக்கணும். நல்ல சுவருக்கு வச்ச திருஷ்டிப் பொட்டு மாதிரி அது பாட்டுக்கு நிக்குது.

முதல் தடவை போனப்ப எனக்கு எரிச்சல். இவ்வளவு செலவு பண்ணி லைட் போட்டிருக்காங்க, இதை ஒதுக்குப்புறமா மாத்தியிருக்கக்கூடாதான்னு. ரெண்டாவது தடவை போனதும் அந்தப் பெட்டியைத்தான் முதல்ல தேடினேன். கண்காட்சியை அமைக்கிற க்யூரேட்டர் இதை என்ன பண்ணியிருக்காருன்னு. அதுக்கப்புறம் அஞ்சு கண்காட்சியும் எனக்கு அந்தப் பெட்டி வழியாத்தான் ஞாபகம் இருக்கு.

முதல் கண்காட்சி. ஹால் முழுக்க ஒரு ஃப்ரேம் கூட இல்ல. கலைஞர்கள் யாரும் வரவும் இல்ல. ஆளுக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தாங்க, மாணவர்கள் அதைப் படிச்சுட்டு சுவர்ல செஞ்சாங்க. இந்தச் சுவருக்கு வந்த குறிப்பு இதுதான்: நாப்பது பேர் வரிசையா வரணும், ஒவ்வொருத்தரும் தன் தோள் உயரத்துல சுவரோட இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரு பென்சில் கோடு போடணும், அடுத்தவங்க கோட்டைத் தொடக்கூடாது. அவ்வளவுதான்.

கேக்க சாதாரணமா இருக்கு, இல்ல? பக்கத்துல போய்ப் பாருங்க. ஒரே உயரம் இருக்குற பத்துப் பன்னெண்டு பேர் கோடு ஒரு விரல் அகலத்துக்குள்ள நெருக்கியடிச்சு ஓடுது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போட்டிருப்பாங்கன்னு தெரியுது. ரொம்ப உயரமான ஒருத்தர் கோடு மட்டும் மேல தனியா, ஹாயா போகுது. பெட்டி வந்ததும் பாதிப் பேர் கோட்டை நிறுத்திட்டு அந்தப் பக்கம் தொடர்ந்திருக்காங்க. சிலர் வளைச்சு சுத்திப் போயிருக்காங்க. ஒரே ஒருத்தர் பெட்டி மூடி மேலயே இழுத்துட்டுப் போயிருக்காரு. இரும்புல பென்சில் சரியாப் பிடிக்கல, வெள்ளி மாதிரி மங்கலா ஒரு கீறல். எனக்கு அந்தக் கண்காட்சியிலயே பிடிச்சது அந்தக் கீறல்தான்.

இப்படிக் குறிப்பு எழுதி அனுப்புறது புதுசு இல்ல. அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் 1968லயே சுவர் ஓவியங்களை ஆரம்பிச்சுட்டாரு, மொத்தம் 1,200க்கு மேல. வாங்குறவங்க கைக்குப் போறது ஒரு சான்றிதழும் வரைபடமும். வரையறது வேற ஆளுங்க, கண்காட்சி முடிஞ்சா பெயின்ட் அடிச்சு மூடிடலாம். அமெரிக்காவுல மாஸ் மோக்கா அருங்காட்சியகத்துல 2008ல அவரோட 105 சுவர் ஓவியங்களை ஒரே கட்டடத்துல வரைஞ்சு திறந்தாங்க. ஆறு மாசம் கிட்ட ஆச்சு, வரைஞ்ச குழுவுல மாணவர்களும் இருந்தாங்க.

ஆனா காலேஜ் கேலரின்னா எனக்கு ஞாபகம் வர்றது ஜான் பால்டெசாரிங்குற அமெரிக்கக் கலைஞர். 1971ல கனடாவுல நோவா ஸ்கோஷியா கலைக் கல்லூரி அவரைக் கண்காட்சி வைக்கக் கூப்பிட்டுச்சு. வரவழைக்கக் காசு இல்ல. அவர் என்ன பண்ணாரு தெரியுமா? இனிமே சலிப்பூட்டுற கலையைப் பண்ண மாட்டேன்னு மாணவர்கள் கேலரிச் சுவர்ல திரும்பத் திரும்ப எழுதணும்னு சொல்லி அனுப்பினாரு. நம்ம பாஷையில இம்போசிஷன்! மாணவர்கள் வந்து சுவர் ரொம்புற அளவுக்கு எழுதினாங்க. அவர் போகவே இல்ல.

நான் சொல்ல வர்றது என்னன்னா, காலேஜ் கேலரியில ஏன் பிரின்ட், வீடியோ, குறிப்பு இப்படியே நிறைய வருதுன்னு யோசிச்சா, பாதிக் காரணம் ரசனை, மீதி லாரி வாடகை. பெரிய ஓவியத்தை அனுப்பணும்னா பெட்டி செய்யணும், இன்ஷூரன்ஸ் கட்டணும். ஒரு பக்கக் குறிப்பு மெயில்ல வந்துடும். கையில காசு இல்லாததால வந்த கலையை மட்டமா நினைக்காதீங்க, நல்ல வேலை சிலது அங்கேர்ந்துதான் வந்திருக்கு.

ரெண்டாவது, போட்டோவும் பிரின்ட்டும். உள்ள போனா ஒரே இருட்டு. சரி, நம்ம கேமராவுக்கு ஆகாதேன்னு என் எல்இடி லைட்டைப் போட்டுட்டேன். வாசல்ல உக்காந்திருந்த பொண்ணு ஓடி வந்துடுச்சு. "அக்கா, லைட்டை அணைச்சிடுங்க." ரெண்டாம் வருஷ மாணவி. கோபமெல்லாம் இல்ல, மேசையிலேர்ந்து வெளிச்சத்தை அளக்குற லக்ஸ் மீட்டரை எடுத்துட்டு வந்து காட்டுச்சு. படத்து மேல விழுற வெளிச்சம் 50 லக்ஸ். என் லைட்டைப் போட்டதும் 400ஐத் தாண்டிடுச்சு. காகிதத்துக்கும் துணிக்கும் 50தான் கணக்கு, எண்ணெய் ஓவியம்னா 200 வரைக்கும் போகலாம். பட்ட வெளிச்சம் சேர்ந்துக்கிட்டே போகும், திரும்ப வராது. 200 லக்ஸ்ல ஒரு மணி நேரம் வச்சா, 50ல நாலு மணி நேரம் வச்ச மாதிரி. அந்தப் பொண்ணு சொன்ன விதம் எப்படி இருந்துச்சுன்னா, அந்தப் படங்களோட ஆயுசுல நான் கொஞ்சத்தைக் கடிச்சுத் தின்ன மாதிரி. மன்னிப்புக் கேட்டுட்டேன். அந்தக் க்ளிப் எங்கிட்ட இருக்கு, போட மாட்டேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அமெரிக்காவுல ஓபர்லின் காலேஜ்ல 1940லேர்ந்து ஒரு பழக்கம் இருக்கு. காலேஜ் மியூசியத்துலேர்ந்து மாணவர்கள் அசல் கலைப்படைப்பையே வாடகைக்கு எடுத்துட்டுப் போய் ஒரு செமஸ்டர் முழுக்க ஹாஸ்டல் ரூம்ல மாட்டிக்கலாம். பிக்காசோ கூட உண்டு. ராத்திரியே போய் வரிசையில படுத்துக் கிடப்பாங்களாம். இதை அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். அது கேட்ட முதல் கேள்வி: "ரூம்ல எத்தனை லக்ஸ் இருக்கும்?"

பெட்டியா? ரெண்டாவது கண்காட்சியில அதைக் கண்டுக்கவே இல்ல. படங்களுக்கு நடுவுல ஒரே இடைவெளி விட்டு, பெட்டியையும் ஒரு படமாக் கணக்குல எடுத்துக்கிட்டு மாட்டியிருந்தாங்க. அந்த இருட்டுல நாலு பேராவது அதையும் குனிஞ்சு பாத்ததை நானே பாத்தேன்.

இப்ப ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருந்த வாரத்தைச் சொல்றேன். கதவுல மூடியிருக்குன்னு எழுதிப் போட்டிருப்பாங்க. அனுமதி வாங்கிட்டு ஒரு நாள் உள்ள இருந்தேன். நீங்களும் முடிஞ்சா கேட்டுப் பாருங்க, திறப்பு விழாவை விட இது எவ்வளவோ மேல். ஆணியைப் பிடுங்கி, பட்டி வச்சு, காஞ்சதும் உப்புத்தாள் தேய்ச்சு, ரெண்டு கோட் பெயின்ட். அப்புறம் மாட்டுற கணக்கு. படத்தோட நடுப்பகுதி தரையிலேர்ந்து 145லேர்ந்து 152 சென்டிமீட்டருக்குள்ள வரணும், சராசரி ஆளோட கண் உயரம் அது. 150னு வச்சுக்கோங்க. படம் 80 சென்டிமீட்டர் உயரம்னா பாதி 40, கூட்டினா 190. பின்னாடி கம்பியை இழுத்துப் பிடிச்சா மேல் விளிம்புலேர்ந்து 8 சென்டிமீட்டர் கீழ நிக்குது, அதைக் கழி. 182ல ஆணி. மாணவர்கள் இதைப் பென்சில்ல சுவர்லயே போட்டுப் பாக்குறாங்க. மாட்டி முடிச்சதும் படத்துக்குப் பின்னாடி அந்தக் கணக்கு அப்படியே இருக்கும், யாருக்கும் தெரியாது.

மூணாவது வீடியோ. இதுக்காக சுவரையெல்லாம் கறுப்பு அடிச்சாங்க. மூணு ப்ரொஜெக்டர், ஒரே ஹால். ஒரு வீடியோவுல கடல், ஒன்னுல ஒரு அம்மா ரொம்ப மெதுவா ஏதோ சொல்றாங்க, மூணாவதுல ட்ரில்லிங் மெஷின். என்ன ஆகும்? அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஹெட்போன் வச்சிருக்கலாம். ரெண்டே ரெண்டு ஹெட்போனாவது. இதுல கலைஞர் மேல குத்தமே இல்ல, ஏற்பாட்டுல கோட்டை விட்டுட்டாங்க.

ஒரு நாள் கடல் வீடியோ நின்னுபோய், நீலத் திரையில சிக்னல் இல்லைன்னு வந்துடுச்சு. ரெண்டு பேர் பெஞ்சுல உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் மூணாவது ஆளாப் போய் உக்காந்தேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. சிரிங்க, பரவாயில்ல. 2004ல லண்டன் டேட் பிரிட்டன்ல கஸ்டவ் மெட்ஸ்கர்ங்குற கலைஞரோட படைப்புல ஒரு பாகமா இருந்த குப்பைப் பையை, துப்புரவுப் பணியாளர் குப்பைன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டாங்க. அதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

பெட்டிக்கு வர்றேன். கறுப்புச் சுவர்ல பெட்டியையும் கறுப்புத் துணி போட்டு மறைச்சாங்க. ஆனா அதுல ஒரு சிவப்பு விளக்கு இருக்கு, குண்டூசித் தலை அளவு. துணிக்குள்ளேர்ந்து அது மினுக் மினுக்னு. கடலைப் பாக்க வந்தவங்க எல்லார் கண்ணும் அங்க. மூணாவது நாள் யாரோ டேப் ஒட்டிட்டாங்க.

நாலாவதைச் சீக்கிரம் முடிச்சுக்கிறேன், எனக்குப் பிடிக்கல. சுவரை வெளிர் சாம்பல் அடிச்சாங்க. சிற்பம், துணி, கம்பி. எல்லாத்துக்கும் பக்கத்துல நீள நீளமா எழுத்து. "இருப்பின் விளிம்பில் உடலின் வெளி"ங்குற தினுசுல. எங்கேர்ந்து கத்துக்கிறாங்க இதை? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துல ஒரு ஓவியத்தை ஜனங்க எவ்வளவு நேரம் பாக்குறாங்கன்னு அளந்து 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சராசரி 27.2 விநாடி, அதுலயும் பாதித் தடவை 17 விநாடிக்கு மேல போகல. அந்த 17 விநாடியையும் நீங்க லேபிளுக்கே எடுத்துக்கிட்டா நாங்க எப்ப சிற்பத்தைப் பாக்குறது? அதுல ஒன்னே ஒன்னு மட்டும் நின்னுச்சு. பழைய பிரம்பு நாற்காலி, பின்னலைப் பிரிச்சுட்டுத் திரும்பப் பின்னியிருக்காங்க, வேணும்னே தப்புத் தப்பா. உக்கார முடியும், ஆனா உக்காந்தா இடது பக்கம் சாயும்னு பாத்தாலே தெரியுது. அதுக்கு லேபிள் ஒரே வரி.

அஞ்சாவது, இறுதியாண்டு மாணவர்களோடது. இருபத்தாறு பேர், ஒரே ஹால். யாருக்கு எந்த இடம்னு சண்டை வந்து, கடைசியில சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. பெட்டிக்குப் பக்கத்து இடம் ஒரு பொண்ணுக்கு விழுந்துச்சு. யார்னு நினைக்கிறீங்க? லக்ஸ் மீட்டர் பொண்ணு இல்ல, அது ரெண்டாம் வருஷம்தானே. இது வேற. முதல் கண்காட்சியில இரும்பு மேல கோடு இழுத்தாங்கன்னு சொன்னேன்ல, அவங்களாம். இதைப் பேசும்போதுதான் தெரிஞ்சுது.

அவங்க எதையும் மாட்டல. பெட்டிக்குப் பக்கத்துல, பெட்டியோட அதே அளவுல ஒரு கட்டம் போட்டு, அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சிருக்காங்க. ஓரத்துல கொஞ்சம், நடுவுல ஆழமா. பக்கத்துல வாங்க, ஜூம் பண்றேன். மேல வெள்ளை, அது இந்தக் கண்காட்சி. அடுத்து சாம்பல், நாலாவது. அதுக்கடுத்து மை தீட்டின மாதிரி மெல்லிசா ஒரு கறுப்பு, அதுதான் வீடியோ. அப்புறம் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழ பென்சில் கரி கலங்கி ஒரு மங்கல், அது அந்த நாப்பது கோடு. அப்புறமும் வெள்ளை, வெள்ளை, ஒரு மஞ்சள், அதெல்லாம் நான் பாக்காத வருஷங்க. நட்ட நடுவுல, உள்ளங்கை அளவுக்கு, வெளிறின பச்சை. வகுப்பறையா இருந்த காலத்துப் பெயின்ட்.

லேபிள்ல அவங்களே எழுதியிருந்தாங்க, பிரெஞ்சுக் கலைஞர் பியர் ஹுய்க் 1999ல செஞ்ச ‘டைம்கீப்பர்’ பாத்துட்டுப் பண்ணினதுன்னு. அவரும் இதே மாதிரி கண்காட்சிச் சுவரைத் தேய்ச்சு, மரத்தோட வளையம் மாதிரி பழைய பெயின்ட்டையெல்லாம் வெளிய கொண்டுவந்தவர். காப்பிதானேன்னு கூட வந்த நண்பர் கேட்டாரு. எனக்கு அப்படித் தோணல. எங்கேர்ந்து எடுத்தேன்னு ஒளிக்காம சொல்லியாச்சு. அதோட ஹுய்க் சுவர்ல இந்தப் பச்சை இருக்காதே. இந்தச் சுவர்ல மட்டும்தான் இருக்கு. நான் அதுக்கு முன்னாடி நின்னது 17 விநாடி இல்ல, நாப்பது நிமிஷம்.

போன வாரம் திரும்பப் போனேன். கண்காட்சி முடிஞ்சுது. பட்டி வச்சு, தேய்ச்சு, ரெண்டு கோட் வெள்ளை. பெட்டி மட்டும் அதே துருவோட நிக்குது. மூடி மேல இருந்த பென்சில் கீறலை யாரும் துடைக்கல. பக்கத்துல பட்டி வச்ச இடம் சாயங்கால வெயில் சாஞ்சு விழும்போது லேசா உப்பலாத் தெரியுது. இதோ, படம் பிடிச்சுப் பாத்தேன், வெறும் வெள்ளையாத்தான் வருது. கொஞ்சம் இப்படித் திருப்புறேன்... இல்ல, வரல. சரி மக்களே, பேட்டரியும் போகுது. அடுத்த கல்வியாண்டு முதல் கண்காட்சி தேதி வந்ததும் சொல்றேன். வரட்டா?