பழைய வெற்றிதான் பந்தியில் இலை போடுகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், ஒரே கான்ஃபரன்ஸுக்குள், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் ஒரே கூட்டமைப்புக்குள், மோதும் பரம வைரிகளுக்குப் பழைய வெற்றி இன்னும் ஒரு பொருட்டா? பொருட்டுதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணியினர், வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலைக் காட்டினார்கள். வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க 2021 ஜூலையில் வழி திறந்ததைக் காட்டினார்கள். பிறகு இண்டியானாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி, கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்த 2024-இல் 11 வெற்றி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் இடம். ஒப்புக்கொள்கிறேன். பழைய கோப்பை களத்தில் இறங்கி ஒரு யார்டுகூட ஓடித் தராது. ஐந்து தேசியப் பட்டம் வென்ற நெப்ராஸ்கா, 2011-இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்குள் வந்தபின் ஒரு கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் தொடவில்லை.

ஆனால் பந்தியில் யாருக்கு இலை போடுவது, அதாவது எந்த அணியைக் கான்ஃபரன்ஸில் சேர்ப்பது என்று முடிவானபோது என்ன நடந்தது? 2021-இல், பழைய பட்டங்கள் நிறைந்த லாஸ் ஏஞ்சலஸ் அணியான யு.எஸ்.சி. 4 வெற்றி, 8 தோல்வி. அந்த ஆண்டு அவர்கள் ஆடிய பேக்-12 கான்ஃபரன்ஸின் சாம்பியன் யூட்டா. 2022 ஜூனில் பிக் டென் வாசலைத் திறந்தது யு.எஸ்.சி.க்கும் அதே நகரின் யு.சி.எல்.ஏ.வுக்கும். அதே ஆண்டு டிசம்பரில் யூட்டா இறுதியாட்டத்தில் யு.எஸ்.சி.யையே 47-24 என்று அடித்து மறுபடி பட்டம் வென்றது; அப்போதும் பிக் டென் அழைக்கவில்லை. 2022-இல் 10 ஆட்டம் வென்ற ஒரிகன் ஸ்டேட் கடைசியில் சிதைந்த பேக்-12-இல் வாஷிங்டன் ஸ்டேட்டோடு மட்டும் நின்றது. லாஸ் ஏஞ்சலஸ் டி.வி. சந்தைதான் காரணம் என்பார்கள். அந்தச் சந்தையில் ஆளை டி.வி. முன் உட்கார வைத்தது 4-8 அணியின் ஆட்டமா?

அட்டவணைக்கு வருகிறேன். பிக் டென்னில் இப்போது 18 அணிகள், ஆளுக்கு 9 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். ஆண்டுதோறும் எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. அதனால் 12 பழைய பகை மோதல்களை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கட்டாயம் என்று பூட்டி வைத்தார்கள். ஐயோவாவுக்கு மூன்று: மின்னசோட்டா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா. 1982, 1986 பட்டங்களை வைத்திருக்கும் பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர்கள் இந்தக் கான்ஃபரன்ஸில் ஆட வந்ததே 1993-இல். அந்தப் பட்டங்கள் இந்தக் கான்ஃபரன்ஸுக்கு வெளியே வாங்கியவை.

ஆட்டத்துக்குள்ளும் வரலாறு நுழைகிறது. 2021-இல் மிச்சிகன், பிக் டென்னில் தன் பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று வென்றது. தரைவழி ஓட்டத்தில் மட்டும் 297 யார்டு. 'இவர்கள் முரட்டு ஆட்டத்துக்கு லாயக்கில்லை' என்ற பழி ஒஹாயோ ஸ்டேட் கோச் ரையன் டே மேல் ஒட்டிக்கொண்டது. 2024 நவம்பர் 30, கொலம்பஸ். மிச்சிகன் அப்போது ஐந்து தோல்வி கண்ட அணி. அதன் பலமே நடுவில் நிற்கும் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள். எறியும் பந்தைப் பிடிக்கும் ஜெரமையா ஸ்மித் போன்ற ரிசீவரை ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒஹாயோ ஸ்டேட் அந்தப் பழியைத் துடைப்பதுபோல அந்த மலைகள் மீதே திரும்பத் திரும்ப ஓடியது: 26 ஓட்டம், 77 யார்டு. பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் இரண்டு வேறு தவறியது. மிச்சிகன் 13-10 என்று வென்றது. என் கணிப்பில், வேறு எந்த அணி எதிரே நின்றிருந்தாலும் அந்தத் திட்டத்தைப் பாதி ஆட்டத்திலேயே கைவிட்டிருப்பார்கள். மூன்று வாரம் கழித்து பிளேஆஃபில் ஒஹாயோ ஸ்டேட் டென்னஸியை 42-17 என்று நொறுக்கியபோது பந்து ஸ்மித்துக்குப் பறந்தது.

அதே ஒஹாயோ ஸ்டேட் பிறகு தேசியப் பட்டம் வென்றதே, தோல்வியால் என்ன குறைந்தது என்று அடுத்த நண்பர் கேட்பார். கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் போனது, பிளேஆஃபில் முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் போனது. அதோடு அவர் பழைய கோச் ஜான் கூப்பரின் கதையையும் விளக்கட்டும்: ஒஹாயோ ஸ்டேட்டில் 13 பருவம், 111 வெற்றி. 1993, 1995, 1996 மூன்று ஆண்டும் தோல்வியே காணாமல் வந்து மிச்சிகனிடம் விழுந்தார். மிச்சிகனோடு மொத்தக் கணக்கு 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். 2000 பருவம் முடிந்ததும் வேலை போயிற்று.