ஜெனோவா: உயரத்தைப் பார்த்துத் திட்டமிட வேண்டிய துறைமுக நகரம்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலிக்குப் போக நினைப்பவர்கள் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வார்கள். வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் ஜெனோவா அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் அரை நாள் இறங்கி எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிங்குவே தெர்ரே கிராமங்களுக்குப் போகிறவர்கள் இங்கே ரயில் மட்டும் மாறுகிறார்கள். ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் வணிகத்தில் வெனிஸோடு மோதிய கடல் குடியரசின் தலைநகரம் இது. மூன்று இரவாவது தங்கினால்தான் இந்த ஊர் பிடிபடும். அந்த மூன்று நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நில அமைப்பு. மலை நேரே கடலில் வந்து இறங்குகிறது. நடுவில் சமதளம் என்று பார்த்தால் ஒரு பட்டைதான். ஆகவே ஊர் பக்கவாட்டில் பரவாமல் மேலே மேலே ஏறியிருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் முந்நூறு மீட்டர் என்று காட்டும் இடத்துக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு செங்குத்துச் சரிவு இருக்கலாம். வரைபடத்தின் தூரத்தை நம்பி ஒரு நாளைக்கு எட்டு இடம் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மத்தியானத்துக்குள் களைத்துப் போவது இதனால்தான்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. கடவுச்சீட்டு, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விடுதி முன்பதிவில் ஒரு தேதி, பயணத்திட்டத்தில் வேறு தேதி என்று முரண்பட்டால் சிக்கல் வரும். அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

ஜெனோவாவுக்கு விமான நிலையம் உண்டு என்றாலும் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மிலானில்தான் இறங்குவார்கள். மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். வட்டார ரயிலுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகித் தேதி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத சீட்டு, காசு கொடுத்து வாங்கியதாகவே இருந்தாலும், அபராதத்தில் முடியும். வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நடத்துவார்கள். வேலைநாட்களில் அப்படி நடந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியே தீர வேண்டும் என்பது விதி. விமானத்தைப் பிடிக்கும் நாளில் இது உதவும்.

ஊருக்குள் இரண்டு பெரிய நிலையங்கள். மேற்கே பியாட்சா பிரின்சிப்பே, கிழக்கே பிரிஞோலே. பழைய நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் பிரின்சிப்பே கிட்டே. விடுதி எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வாசல் வரை டாக்ஸி வருமா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? பழைய நகரத்து வீடுகள் ஐந்து, ஆறு மாடி உயரம். பல கட்டடங்களில் உயரமான கல் படிகள் மட்டுமே. சந்துக்குள் வண்டி நுழையாது. 25 கிலோ பெட்டியைக் கல் பாவிய தரையில் உருட்டி, பிறகு நான்காம் மாடிக்குத் தூக்க வேண்டியிருக்கும். முதியவர்கள் உடன் வந்தால் பழைய நகரத்தின் விளிம்பில், பெரிய சாலையை ஒட்டித் தங்குவதே சரி. வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரத்தின் பெரும்பகுதி அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமானது. நுழைவாயில் கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து, கார் நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து வீடு தேடி வரும்.

இனி பழைய நகரம். இதன் சந்துகளைக் கருஜ்ஜி என்பார்கள். சில சந்துகளில் இரு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். வெயில் தரையைத் தொடுவது நண்பகலில் கொஞ்ச நேரம்தான். சுவர்கள் உயர்ந்து நெருங்கி நிற்பதால் கைப்பேசியில் நீலப் புள்ளி இரண்டு சந்து தள்ளிக் காட்டும். அதற்குப் பதில் சரிவை நம்புங்கள்: இறங்கிக்கொண்டே போனால் துறைமுகம், ஏறிக்கொண்டே போனால் வியா கரிபால்தி பக்கம். மூலைகளில் தலைக்கு மேலே சிறு மாடத்தில் மாதா சிலைகள் இருக்கும். பழைய வாசல்களின் மேல் கரும்பலகைக் கல்லில் புனித ஜார்ஜ் பறவை நாகத்தைக் குத்தும் காட்சி செதுக்கியிருக்கும். திரும்பி வருவதற்கு அவற்றையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

முகவரி தேடுகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தெருவில் இரண்டு எண் வரிசை ஓடுகிறது. வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சிவப்பு எண். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் சின்ன 'ஆர்' எழுத்து இருந்தால் சிவப்பு வரிசை என்று பொருள். கறுப்பு 20-ஐக் கண்டுபிடித்துவிட்டு, உணவகம் மூடிவிட்டது போலிருக்கிறது என்று திரும்புகிறவர்கள் உண்டு. சிவப்பு 20 அதே தெருவில் வேறெங்கோ இருக்கும்.

கடைகள் பலவும் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் அடைத்து மூன்றரைக்குத்தான் திறக்கும். தேவாலயங்களுக்கும் மதிய ஓய்வு உண்டு. ஆகவே சந்துகளுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒதுக்குங்கள். இரவில் மத்தலேனா பகுதியின் உட்சந்துகளையும் வியா டி பிரே பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். போதைப்பொருள் விற்பனை அங்கே கண்ணெதிரே நடக்கும். பகலிலும் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்வது நல்லது.

சான் லொரென்சோ பேராலயம் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முகப்புடையது. உள்ளே வலப்பக்கம் ஒரு பீரங்கிக் குண்டு வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஊரைத் தாக்கியபோது கோவிலைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அதன் நினைவு அது.

ஜெனோவாவை மற்ற ஊர்களிலிருந்து பிரிப்பது அதன் ரோல்லி மாளிகைகள். குடியரசு என்பதால் அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. வெளிநாட்டு மன்னரோ தூதரோ வந்தால் தங்கவைக்க இடம் வேண்டுமே? 1576-ல் செனட் ஓர் ஏற்பாடு செய்தது. பிரபுக்களின் மாளிகைகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். விருந்தாளியின் தகுதிக்கு ஏற்ற வகுப்பிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் வந்த குடும்பம் தன் வீட்டைத் திறந்து உபசரிக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் ரோல்லி. இவற்றில் 42 மாளிகைகள் 2006-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின.

இவை அணிவகுத்து நிற்கும் தெரு வியா கரிபால்தி. குறுகிய தெரு என்பதால் முகப்பை முழுதாகப் பார்க்க எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிமிர வேண்டும். ஆனால் இந்த மாளிகைகளின் அழகு முகப்பில் இல்லை. வாசலைத் தாண்டினால் கூடம், கூடத்திலிருந்து படிக்கட்டு, படி ஏறினால் தூண்கள் சூழ்ந்த முற்றம், அதற்கும் மேலே தோட்டம் என்று மலைச்சரிவையே வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இடப்பற்றாக்குறையை இவ்வளவு கம்பீரமாக வென்ற கட்டடக்கலை அரிது. பலவற்றில் இன்று வங்கிகளும் அலுவலகங்களும் இருப்பதால் வேலைநாளில் போனால் கூடம், முற்றம் வரை எட்டிப் பார்க்க முடியும். ஞாயிறன்று கதவு சாத்தியிருக்கும். ரோஸ்ஸோ, பியாங்கோ, துர்சி ஆகிய மூன்று மாளிகைகள் நகராட்சி அருங்காட்சியகம். ஒரே சீட்டு, திங்கட்கிழமை விடுமுறை. பியாங்கோவில் கரவாஜியோ வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் ஒன்று உண்டு. துர்சியில் இந்த ஊர்க்காரரான பாகனினி வாசித்த, 1743-ல் செய்யப்பட்ட வயலின் இருக்கிறது. ரோஸ்ஸோவின் கூரை மேடைக்கு ஏறிப் பாருங்கள், சாம்பல் நிறக் கற்பலகை வேய்ந்த கூரைகள் துறைமுகம் வரை தெரியும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ரோல்லி நாட்கள் என்று வார இறுதி விழா வரும். தனியார் வசமுள்ள மாளிகைகளும் அப்போது இலவசமாகத் திறக்கும். சிலவற்றுக்கு இணையத்தில் முன்பதிவு தேவை. அறிவித்த சில நாட்களில் இடம் தீர்ந்துவிடும். உங்கள் தேதியை அதற்கேற்ப நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

இனி உயரத்தை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம். பழனி மலையில் விஞ்சு என்கிறோமே, அதே அமைப்பு இங்கே நகரப் போக்குவரத்தாகவே ஓடுகிறது. பொது லிஃப்ட்டுகளும் உண்டு. வியா கரிபால்தியின் ஒரு முனைக்குப் பக்கத்தில் பியாட்சா போர்தெல்லோ. அங்கே ஓடு பதித்த சுரங்க நடைவழிக்குள் போய் லிஃப்டில் ஏறினால் காஸ்தெல்லெத்தோ மேடை. முழு நகரமும் காலடியில். மறு முனைக்கு அருகே செக்காவிலிருந்து ரிகி வரை விஞ்சு போகிறது. ரிகியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டு மதிலையும் கோட்டைகளையும் ஒட்டி நடக்கலாம். வியா பால்பியில் இன்னொரு விசித்திரம் உண்டு: ஒரே பெட்டி முதலில் சுரங்கத்துக்குள் கிடைமட்டமாக ஓடி, பிறகு லிஃப்டாகி மேலே ஏறும். இவை அவ்வப்போது பராமரிப்புக்கு நிற்கும். கட்டண விதியும் சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. நுழைவாயில் பலகையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நாளைத் திட்டமிடும் விதி ஒன்றுதான்: வண்டியில் ஏறு, காலால் இறங்கு. இறங்கும் பாதைகளின் பெயர் கிரேசா. நடுவில் செங்கல் பட்டை, இருபுறமும் கூழாங்கல், ஓரங்களில் தோட்டச் சுவர். மழை பெய்தால் செங்கல் வழுக்கும். தேய்ந்த அடிப்பாகமுள்ள காலணியோடு இறங்காதீர்கள்.

துறைமுகத்தில் மீன்காட்சியகத்துக்குத்தான் கூட்டம். குழந்தைகள் இல்லையென்றால் அந்த நேரத்தைக் கலாத்தா கடல் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். மூன்று மணி நேரம் பிடிக்கும். வெளியே நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளும் போகலாம், குறுகிய வாயில்களில் குனிந்து நுழைய வேண்டும். கரையோர மேம்பாலத்தை ஒட்டி, சுவரோவியம் தீட்டிய முகப்போடு நிற்பது 1260-ல் கட்டிய சான் ஜோர்ஜியோ மாளிகை. தமிழர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கக் காரணம் உண்டு. 1298-ல் ஜெனோவாவின் சிறையில் இருந்த வெனிஸ்காரர் மார்க்கோ போலோ, உடன் இருந்த பீசா நகரத்துக் கைதி ருஸ்திகெல்லோவிடம் தன் பயணங்களைச் சொல்ல, அவர் எழுதிவைத்தார். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகமும் முத்துக்குளிப்பும் குதிரை வணிகமும் ஐரோப்பியர் படிக்கக் கிடைத்தது அப்படித்தான். அவரை அடைத்து வைத்தது இந்த மாளிகையில் என்பது ஊர் வழக்கு.

சாப்பாடு. சைவக்காரர்களுக்கு ஃபரினாத்தாதான் முதல் துணை. கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு. சில மணி நேரம் ஊறவைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றிய அகலமான செப்புத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி விறகடுப்பில் சுடுவார்கள். ஆறினால் ரப்பர் போல் ஆகிவிடும். புதிய தட்டு எப்போது வெளியே வரும் என்று கேட்டுக் காத்திருந்து வாங்குங்கள். பெஸ்தோ என்னும் பச்சை விழுதில் துளசிக் குடும்பத்து பேசில் இலையோடு இரண்டு வகைப் பாலாடைக்கட்டி சேரும். அவற்றை உறையவைப்பது கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். கண்டிப்பான சைவர்கள் 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ', அதாவது சீஸ் இல்லாமல், என்று கேட்கலாம். ஆனால் அரைத்து வைத்த பெஸ்தோவில் அதை எடுக்க முடியாது. ஃபொக்காச்சா ரொட்டிக்கு ஆலிவ் எண்ணெய்தான் வழக்கம் என்றாலும் சில அடுமனைகள் பன்றிக் கொழுப்பும் சேர்க்கும். அதன் பெயர் ஸ்த்ருத்தோ. இருக்கிறதா என்று கேளுங்கள்.

போகும் காலம்: ஏப்ரல் முதல் ஜூன் நடு வரை, இல்லையேல் செப்டம்பர். அக்டோபர், நவம்பரில் மழை இங்கே விளையாட்டல்ல. சூடான கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டும். ஊருக்கு அடியில் மூடிய கால்வாய்களில் ஓடும் ஆறுகள் சில நிமிடங்களில் பொங்கும். 2011 நவம்பர் 4 வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று எச்சரிக்கை நிறங்கள் உண்டு. சிவப்பு என்றால் பள்ளி, பூங்கா, அருங்காட்சியகம் எல்லாம் அடைத்துவிடுவார்கள். அன்று பிரிஞோலே பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் இறங்காமல் மேல் மாடியிலேயே இருந்துவிடுங்கள்.

கப்பலில் வந்து ஆறு மணி நேரமே உள்ளவர்கள் வியா கரிபால்தி, காஸ்தெல்லெத்தோ லிஃப்ட், பேராலயம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்; பக்கத்துக் கடற்கரை ஊரான போர்த்தோஃபீனோவுக்கு ஓட வேண்டாம்.

மூன்றாம் நாள் கையில் இருப்பவர்கள் ரயிலில் காமோலிக்குப் போய், அங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ மடத்துக்குப் போகலாம். அங்கே சாலை கிடையாது, படகில் போக வேண்டும் அல்லது நடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்; நடந்து போர்த்தோஃபீனோ சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏற்ற இறக்கம். ஆகவே நல்ல காலணியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காமோலி படகுத்துறையிலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

நன்றி, வணக்கம்.