நடத்தாத பாடத்துக்கு ஏஐயிடம் பாடக்குறிப்பு கேட்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றும் ஒரு நேயரிடமிருந்து வந்திருக்கிறது. சுருக்கி வாசிக்கிறேன்: "நான் இதுவரை நடத்தாத டிபிஎம்எஸ் (தரவுத்தள மேலாண்மை) பாடத்தை இந்தப் பருவத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வகுப்பு தொடங்கச் சில நாள்களே உள்ளன. ஐந்து யூனிட்டுகளுக்கும் பாடக்குறிப்பு, பிபிடி, வினா வங்கி எல்லாவற்றையும் சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ தயாரித்துக்கொள்ளலாமா? அது தவறாகுமா?"

கடைசி நேரத்தில் புதிய பாடம் கையில் வந்து சேர்வதும், கூடவே பாடத்துக்கான ஆவணக் கோப்பான கோர்ஸ் ஃபைல், பாடத்தின் நோக்கங்களைப் பட்டப்படிப்பின் நோக்கங்களோடு பொருத்திக்காட்டும் சிஓ-பிஓ மேப்பிங், உள்மதிப்பீடு என்று எழுத்துவேலை குவிவதும் எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் அறிவேன். எனவே இந்தக் கருவிகளைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நன்கு தெரிந்த பாடத்தில் இவை எவ்வளவு உதவுகின்றனவோ, தெரியாத பாடத்தில் அவ்வளவு ஆபத்தானவை. சரியான விடையையும் தவறான விடையையும் இவை ஒரே சரளத்தோடுதான் எழுதுகின்றன. நடையைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது, பாடம் தெரிந்திருந்தால் மட்டுமே இயலும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் அட்டவணையில் மாணவர், பாடம், ஆசிரியர் என்று மூன்று புலங்கள் உள்ளன. ஒரு மாணவர் ஒரு பாடத்தை ஓர் ஆசிரியரிடம் மட்டுமே படிப்பார்; ஓர் ஆசிரியர் ஒரே ஒரு பாடத்தை மட்டுமே நடத்துவார். ஒரே தகவல் தேவையின்றித் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணையை அமைப்பதற்கான படிநிலைகளே நார்மல் ஃபார்ம்கள்; ஒரு வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் புலமோ புலங்களின் சேர்க்கையோதான் கீ. இந்த அட்டவணை எந்த நார்மல் ஃபார்மில் இருக்கிறது என்று கேட்டால், "ஆசிரியரைக் கொண்டு பாடத்தை அறிய முடிகிறது, ஆசிரியர் என்பது கீ அல்ல, எனவே மூன்றாம் நார்மல் ஃபார்ம் மீறப்பட்டுள்ளது" என்று விடை வரக்கூடும். படிக்கும்போது முழுக்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அது தவறு. மாணவரும் பாடமும் சேர்ந்தது ஒரு கேண்டிடேட் கீ, அதாவது கீயாக இருக்கத் தகுந்த சேர்க்கை. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்தது இன்னொன்று. ஆகவே பாடம் என்ற புலமும் கீயின் ஓர் உறுப்பே; அப்படிப்பட்ட புலத்துக்கு மூன்றாம் நார்மல் ஃபார்ம் விலக்கு அளிப்பதால், அட்டவணை மூன்றாம் நார்மல் ஃபார்மில்தான் இருக்கிறது. அதைவிடக் கடுமையான பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்மில் மட்டும் இல்லை. அதற்காக இதை ஆசிரியர்-பாடம், மாணவர்-ஆசிரியர் என்று இரண்டாகப் பிரித்தால், ஒரு மாணவர் ஒரு பாடத்தை ஓர் ஆசிரியரிடம் மட்டுமே படிக்கலாம் என்ற முதல் விதியை எந்த ஒரு தனி அட்டவணையிலும் சரிபார்க்க முடியாமல் போகும். மூன்றாம் நார்மல் ஃபார்மோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் ஏன் இருக்கிறது என்பதை மாணவருக்குப் புரியவைக்கும் இடமே இதுதான். அந்தத் தவறான விடை உங்கள் பிபிடியில் ஏறிவிட்டால், ஒரு பிழை நுழைவதோடு அந்த யூனிட்டின் மிக நல்ல விவாதமும் கைநழுவிப் போகும்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. பாடத்திட்டத்தில் குறிப்பிட்டுள்ள நூலில் முதல் யூனிட்டை நீங்களே படியுங்கள். வேண்டுமானால் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் இணைய வகுப்புகளான என்பிடெல் விரிவுரையையும் பாருங்கள். அந்த யூனிட்டின் முடிவில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். கணக்குகளைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு, நூலின் அந்தப் பகுதியையும் உங்கள் வரிகளையும் கொடுத்து, "இதற்குள் நின்று" என்று வரம்பிட்டுக் கேளுங்கள். ஐந்து யூனிட்டையும் ஒரே மூச்சில் கேட்டால், எந்தக் கல்லூரிக்கும் பொருந்துகிற, எந்த மாணவருக்கும் பயன்படாத பொதுவான குறிப்புதான் கிடைக்கும்.

எங்கே இவை உண்மையிலேயே கைகொடுக்கின்றன என்றால், ஒரே கணக்கை எண்களும் பெயர்களும் மாற்றிப் பல வடிவங்களில் தருவதிலும், ஒரு கருத்துக்கு மருத்துவமனை, ரயில் முன்பதிவு, நூலகம் என்று வெவ்வேறு சூழல்களைத் தருவதிலும், கொள்குறி வினாக்களுக்குத் தவறான விருப்பங்களை அமைப்பதிலும்தான். கடைசியாகச் சொன்னதை வலியுறுத்த விரும்புகிறேன். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை எது என்பதை நீங்கள் எழுதிக் கொடுத்து, அந்தப் பிழையைச் செய்தால் கிடைக்கும் விடையையே ஒரு விருப்பமாக வைக்கச் சொல்லுங்கள். சற்று முன் பார்த்த தவறான விடை அதற்கு அருமையான விருப்பமாக அமையும்.

வினா வங்கியில் எச்சரிக்கை தேவை. அண்ணா பல்கலைக்கழக முறையில் 2 மதிப்பெண், 13 மதிப்பெண், 15 மதிப்பெண் என்று வடிவத்தைச் சொன்னால் அது கச்சிதமாகப் பிரித்துத் தந்துவிடும். ஒவ்வொன்றுக்கும், சிந்தனைத் திறனைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூம் வகைப்பாட்டின்படி கே1 (நினைவுகூர்தல்), கே4 (பகுப்பாய்வு) என்று அடையாளமும் இட்டுவிடும். ஆனால் "மூன்றாம் நார்மல் ஃபார்மின் பண்புகளைப் பகுப்பாய்க" என்ற வினாவுக்கு மாணவர் மனப்பாடம் செய்ததை எழுதினாலே போதும் என்றால், வினைச்சொல் எதுவாக இருந்தாலும் அது கே1தான். மாணவர் முன்பு பார்த்திராத ஓர் அட்டவணையைக் கொடுத்து, அதன் குறையைக் கண்டறியச் சொல்வதே பகுப்பாய்வு. இந்தப் பிரிப்பை நீங்கள்தான் செய்தாக வேண்டும். விடைக்குறிப்பையும் வினாவோடு சேர்த்து வாங்கி அப்படியே வைத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் விடை எழுதுங்கள், பிறகு அதன் விடையோடு ஒப்பிடுங்கள்.

மேற்கோள் நூல்களை அதனிடம் கேட்கவே வேண்டாம். 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளைத் தங்கள் மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பாடக்குறிப்பில் இல்லாத நூலைக் குறிப்பிட்டால் அபராதம் வராது. ஆனால் நூலகத்தில் போய்த் தேடுகிற, ஆர்வம் மிகுந்த அந்த ஒரு மாணவரை நாம் ஏமாற்றியவர்களாவோம்.

மாணவர்களின் பெயர், பதிவெண், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றையும், இன்னும் நடைபெறாத தேர்வின் வினாத்தாளையும் எக்காரணம் கொண்டும் இவற்றில் பதிவேற்றாதீர்கள்.

தவறாகுமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வாசித்து, சரிபார்த்து, வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து "ஏன்?" என்று கேட்டால் உங்கள் சொற்களில் விளக்கக்கூடிய ஒரு பக்கத்தை ஏஐ துணையோடு எழுதியிருந்தால், அதில் தவறில்லை, மாணவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லவும் தயங்க வேண்டாம். கையில் இருப்பது சில நாள்கள்தான் என்பதால், இப்போதைக்கு முதல் யூனிட்டை மட்டும் இப்படித் தயாரித்துக்கொண்டு வகுப்பைத் தொடங்குங்கள். அட்டவணைகளை நார்மல் ஃபார்முக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் பகுதி வருவதற்குள், எந்த விடையை நம்பலாம், எதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் பாடம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.