மூன்று வேகங்களையும் சேர்த்துப் பாருங்கள்: பள்ளிப் பேருந்தின் கியர்பெட்டியில் சென்சார் கோளாறு

நேயர்களுக்கு வணக்கம். கனடா, அமெரிக்கச் சாலைகளில் ஓடும் மஞ்சள் பள்ளிப் பேருந்துகள் ஏராளமானவற்றில் இருப்பது ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. அதில் கோளாறை அறிவிக்கும் ‘செக் ட்ரான்ஸ்’ விளக்கு எரிந்தால், கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படித்த கையோடு அதில் பெயர் வரும் சென்சாரை மாற்றிவிடுவது பல பணிமனைகளில் வழக்கம். புது சென்சார் போட்ட வண்டி அடுத்த வாரமே அதே விளக்கோடு திரும்பி வரும். காரணம் இதுதான்: குறியீடு சொல்வது எந்த மின்சுற்றில் தகவல் சரியாக வரவில்லை என்பதை. அந்தச் சுற்றில் சென்சார், இரண்டு வயர்கள், கனெக்டர்கள், கம்ப்யூட்டர் எல்லாமே அடக்கம்.

ஆறு கியர் கொண்ட 3000 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் வேக சென்சார்கள் மூன்று. முன்னால், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பக்கம் இருப்பது எஞ்சின் வேகத்தைப் படிக்கிறது. நடுவில் உள்ளது டர்பைன் வேகத்தை, அதாவது கன்வெர்ட்டரைத் தாண்டி கியர்பெட்டிக்குள் நுழையும் வேகத்தை. பின்கோடியில் இருப்பது வெளியேறும் வேகத்தை. சுற்று முற்றிலும் செத்தால் வரும் குறியீடுகள் முறையே பி 0727, பி 0717, பி 0722.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஸ்கேனரில் மூன்றையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத வண்டியை ஓட்டிப் பாருங்கள். லாக்கப், அதாவது கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச், பிடித்திருக்கும்போது எஞ்சினும் டர்பைனும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். நான்காம் கியரின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அங்கே டர்பைனும் வெளியேறும் வேகமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டாம் கியரின் விகிதம் 1.86. டர்பைன் 1860 சுற்று என்றால் பின்னால் 1000 வர வேண்டும். முதல் கியர் 3.49, மூன்றாவது 1.41, ஐந்தாவது 0.75, ஆறாவது 0.65. இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிக்கொண்டால், எந்த எண் பொய் சொல்கிறது என்பது பத்து நிமிட ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

சென்சார் கோளாறா, கிளட்ச் தேய்மானமா என்ற பெரிய கேள்விக்கும் விடை இங்கேதான். கியர் விகிதம் தவறு என்று பி 0731 முதல் பி 0736 வரையிலான குறியீடுகள் வரும், ஆறாம் கியருக்கு பி 0729. ஒவ்வொரு கியரும் இரண்டு கிளட்ச்களைப் பிடிக்கிறது. இரண்டாம் கியருக்கு சி1, சி4 என்று எண்ணிட்ட கிளட்ச்கள். ஆறாம் கியருக்கு சி2, சி4. ஆகவே இரண்டிலும் ஆறிலும் மட்டும் விகிதம் தப்பினால் சி4 வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, ஐந்து, ரிவர்ஸ் ஆகிய மூன்றிலும் தப்பினால் சி3. எல்லாக் கியரிலும் தாறுமாறாக இருந்தால் எல்லாக் கிளட்சும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. ஆயில் மட்டத்தைச் சரிபார்த்துவிட்டு சென்சார் பக்கம் திரும்புங்கள். ஆயில் குறைந்து நுரைத்தாலும் விகிதம் தப்பும். இதைப் பார்க்காமல் கியர்பெட்டியை இறக்குவது வீண் செலவு.

பொத்தான் செலக்டர் உள்ள வண்டியில் ஸ்கேனர் இல்லாமலே குறியீடு படிக்கலாம். நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்துங்கள். ஆயில் மட்ட சென்சார் இருந்தால் முதலில் அது வரும். குறியீடு வரும்வரை மறுபடி அழுத்த வேண்டும். குறியீடு துண்டு துண்டாகத்தான் தெரியும்: டி1, பி, 07, 22 என்று. மோட் விளக்கும் எரிந்தால் கோளாறு இந்த நிமிடமும் இருக்கிறது என்று பொருள். எழுதி வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள்.

மீட்டரை எடுக்கும் முன் பேட்டரி. 12.6 வோல்ட்டுக்கு வெகுவாகக் குறைந்த பேட்டரியும், துருப்பிடித்த எர்த் இணைப்பும் இல்லாத கோளாறுகளையெல்லாம் திரையில் காட்டும்.

பிறகு சாவியை அணைத்து, கம்ப்யூட்டர் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி அங்கிருந்தே மின்தடையை அளந்து பாருங்கள். சென்சாரும் வயரும் சேர்ந்து அளவாகும். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 300 ஓம் வர வேண்டும். வெப்பத்தோடு இது ஏறும்: 110 டிகிரியில் 400 ஓம் வரை போகும், உறைபனியில் இறங்கும். சூடான வண்டியில் 380 வந்தால் சென்சார் கெட்டது என்று முடிவுகட்டக் கூடாது. கம்ப்யூட்டர் முனையில் இணைப்பே இல்லை, சென்சார் முனையில் 300 என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு வயரில் எதற்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டக் கூடாது. அளக்கும்போதே இன்னொருவர் ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டை, நெடுகப் பிடித்து ஆட்டட்டும். சூடானால் மட்டும் வரும் கோளாறைச் சூட்டிலேயே அளக்க வேண்டும். ஆறிய சென்சார் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும்.

கோளாறு எப்போது வருகிறது என்பதையும் ஓட்டுநரிடம் கேளுங்கள். இந்த சென்சார் ஒரு காந்தமும் சுருளும்தான். அதன் முன்னால் சுழலும் சக்கரத்தின் பற்கள் கடக்கும் வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். வண்டி நிற்கப் போகும் நேரத்தில் மட்டும் எண் விழுந்தால், காந்த முனையில் இரும்புத் தூள் அப்பியிருக்கலாம், அல்லது சென்சார் சரியாக அமராமல் இடைவெளி கூடியிருக்கலாம். கழற்றித் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இயல்பு. கம்பி போன்ற உலோகச் சீவல் வந்தால் விஷயம் சென்சாரோடு நிற்கவில்லை. குழியில் ஏறி இறங்கும்போது வந்தால் கனெக்டர். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது வெளியேறும் வேகம் ஏதோ எண்ணைக் காட்டினால் அது வெளியிலிருந்து வரும் மின் குறுக்கீடு: ஆல்டர்னேட்டரின் டயோடு, எர்த், அல்லது யாரோ பழுதுபார்த்தபோது முறுக்கைப் பிரித்துவிட்ட வயர் இணை. அந்த இரண்டு வயர்களையும் முறுக்கி வைத்திருப்பது அழகுக்காக அல்ல.

குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு இந்தக் கனெக்டர்களுக்கு முதல் எதிரி. பின்கள் பச்சை பூத்துப் போகும். சோதிக்கிறேன் என்று வயரின் மேலுறையை ஊசியால் குத்துகிறவர்கள் அந்த உப்புநீருக்குத் தாங்களே வழி திறந்துவிடுகிறார்கள். கனெக்டரின் பின்பக்கமாக, அதற்கேற்ற முனையை வைத்து அளந்து பாருங்கள். 2000 வரிசையில் லீவர் தண்டோடு இருக்கும் நியூட்ரல் ஸ்டார்ட் சுவிட்சும் இதே ஈரத்தால் கெடும். பி 0708 வரும், சில நாள் ஸ்டார்ட்டரே சுற்றாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியதும் கனெக்டர்தான்.

ஓட்டுநர்களுக்கு ஒன்று. வழியில் விளக்கு எரிந்து கியர் மாறாமல் நின்றுவிட்டால், பிடித்திருக்கும் கியரிலேயே மெதுவாகப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள். தண்டவாளத்தின் மீதோ சந்தி நடுவிலோ எஞ்சினை அணைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். மறுபடி போட்டால் வண்டி நியூட்ரலிலேயே இருந்துவிடக்கூடும். ஸ்பீடோமீட்டரும் அதே நேரத்தில் சுழிக்கு விழுந்ததா என்று கவனித்துச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அதற்கும் தகவல் போவது பின்கோடி சென்சாரிலிருந்துதான். அந்த ஒரு வரி பணிமனையில் பாதி வேலையைக் குறைக்கும்.